மூணாம் வகுப்புன்னு ஒண்ணு கிடையாது

எங்க ஊர் தொடக்கப் பள்ளியில் ஒரு அறையின் கதவுக்கு மேலே 'மூன்றாம் வகுப்பு' என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். உள்ளே பதினெட்டு பிள்ளைங்க. எல்லாருக்கும் வயசு எட்டு, மிஞ்சிப்போனா ஒன்பது. அதில் ஆறு பேர் தமிழ்ப் பாடத்தைத் திக்காமல் வாசிப்பாங்க. எட்டு பேர் எழுத்துக்கூட்டி வாசிப்பாங்க. மிச்சம் நாலு பேருக்கு 'ல'வும் 'வ'வும் இன்னும் ஒண்ணுபோலத்தான் தெரியுது. கணக்குக்கு வந்தா இந்தக் கூட்டம் கலைஞ்சு வேற மாதிரி சேரும். தமிழில் திக்குற ஒரு பையன், கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கை மனசுலேயே போடுவான். ஆக, கதவுக்கு மேலே எழுதியிருக்கிற மூன்றாம் வகுப்பு உள்ளே இல்லை. மூணு வகுப்பு இருக்கு. சில நாள் நாலு.

இது எங்க ஊர் சங்கதி மட்டும் இல்லைங்க. எந்தப் பள்ளிக்கூடத்து அறையைத் திறந்து பார்த்தாலும் இதுதான். உங்க பிள்ளை படிக்கிற ஏசி வகுப்பறையையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இதை எழுதக் காரணம் ஒரு நண்பர். தாம்பரத்தில் இருந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை அரிசி வாங்க வருவார். வண்டலூரில் இருந்து கேளம்பாக்கம் போற ரோட்டில் ரத்தினமங்கலம் தாண்டி உள்ளே திரும்பினா எங்க ஊர். வீட்டுக்கு வர்ற வழியில்தான் பள்ளிக்கூடம். போன தடவை வந்தவர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு வந்து கேட்டார்: "என்னங்க இது, டீச்சர் தரையில உக்காந்து நாலு பசங்களோட ஏதோ அட்டை வெச்சு விளையாடிட்டு இருக்காங்க. இன்னொரு கூட்டம் அதுபாட்டுக்கு எழுதிட்டு இருக்கு. பாடமே நடத்த மாட்டாங்களா?"

அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை. எங்க ஊர் டீக்கடையிலும் இதே பேச்சுதான். "எங்க காலத்துல வாத்தியார் நின்னாருன்னா பின்-டிராப் சைலன்ஸ். இப்ப ஆட்டம் பாட்டம்." என் கருத்து நேர் எதிர். அந்த டீச்சர் தரையில் உட்கார்ந்து நாலு பேரோட செய்தாங்களே, அதுக்குப் பேர்தான் பாடம் நடத்துறது. முதல் பக்கத்தில் ஆரம்பிச்சு கடைசிப் பக்கம் வரைக்கும் பதினெட்டு பேருக்கும் ஒரே மூச்சில் படிச்சுக் காட்டுறதுக்குப் பேர் போர்ஷன் முடிக்கிறது. ரெண்டும் வேற வேற.

எங்க பக்கம் ஏரிப் பாசனம். ஏரித் தண்ணி விடுறதுக்குன்னு நீர்க்கட்டி ஒருத்தர் இருப்பார். இப்ப ஏரிக்கு ஏரி அந்த ஆளே இல்லாமப் போயிட்டாங்க, அது தனிக் கதை. நான் சின்ன வயசில் பார்த்த நீர்க்கட்டி மதகைத் திறந்துவிட்டுட்டு வீட்டுக்குப் போய் படுக்க மாட்டார். கையில் மம்பட்டியோட கழனி கழனியாப் போவார். மணல்பாங்கான கழனி தண்ணியைக் குடிச்சுட்டே இருக்கும், களிமண் கழனி தேக்கி வெச்சுக்கும். எதுக்கு எவ்வளவு நேரம் மடை திறந்திருக்கணும்னு அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் ஒரே அளவுன்னு விட்டா மதகு ஓரத்துக் கழனி முங்கும், கடைமடை வெடிச்சுப்போகும். ஊர்க் கணக்கில் மட்டும் 'தண்ணி விட்டாச்சு'ன்னு இருக்கும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்த மாதிரி கழனி பார்த்துத் தண்ணி விடுற வேலை இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சது இல்லை. 2003ஆம் வருஷம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. செயல்வழிக் கற்றல்னு பேர். அப்ப மாநகராட்சி ஆணையரா இருந்தவர் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலின்னு ஜே. கிருஷ்ணமூர்த்தி ஆரம்பிச்ச பள்ளி இருக்கு இல்லையா, அதைச் சுத்தி இருக்கிற குக்கிராமங்களில் பத்மநாப ராவ், ரமான்னு ஒரு தம்பதி ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கி வெச்சிருந்தாங்க. மாநகராட்சி ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்த்துட்டு வரச் சொல்லி, அதை இங்கே நமக்கு ஏத்த மாதிரி மாத்தினாங்க. அடுத்த வருஷமே மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் போச்சு. அவரே பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரா வந்ததால, 2007-08ல் தமிழ்நாடு முழுக்க 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் இதுதான் முறைன்னு ஆச்சு.

என் பெரிய மகள் அந்தக் காலத்துப் பிள்ளை. அதனால அந்த அறை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பெஞ்சு கிடையாது, பாய். சுவத்தில் பிள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்தில் சுத்திலும் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம். ஓரத்தில் தட்டு தட்டா அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் எண்ணும் ஒரு சின்னப் படமும் இருக்கும். சுவத்தில் ஏணின்னு ஒரு பெரிய படம் தொங்கும். நேத்து எந்தப் படியில் விட்டோமோ அதைப் பார்த்து, அடுத்த அட்டையைப் பிள்ளை தானே போய் எடுத்துக்கும். அட்டையில் இருக்கிற படத்தைப் பார்த்து எந்தக் குழுவில் உட்காரணும்னு தெரிஞ்சுக்கும். ஒரு குழுவில் ஆசிரியர் முழுசா கூடவே இருப்பார், ஒரு குழுவில் பாதி. இன்னொண்ணில் கூடப் படிக்கிற பிள்ளை சொல்லிக் கொடுக்கும். இன்னொண்ணில் தானே செய்யும். ஒண்ணாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே அறையில் கலந்து உட்கார்ந்திருக்கும். வருகைப் பதிவைக் கூட பிள்ளைங்களே போட்டுக்கும். இன்னைக்கு வெயிலா மேகமான்னு வானிலை அட்டவணையில் குறிக்க என் மக காலையில் ஏழரைக்கே கிளம்பிடுவா. இப்ப வானிலையைக் குறிச்சு வெச்சுக்க வேண்டியது நான்தான், அவ இல்லை.

வெளியே இருந்து பார்த்தவங்க அட்டையையும் பாயையும் பார்த்தாங்க. எனக்குப் பெருசாத் தெரிஞ்சது வேற ஒண்ணு. லீவு.

கிராமத்துப் பிள்ளை பின்தங்கிப் போறதுக்கு மூளை காரணம் இல்லைங்க. லீவு. நடவு நேரத்தில் அம்மா கழனிக்குப் போயிட்டா கைக்குழந்தையைப் பார்த்துக்க மூத்தது வீட்டில் நிக்கும். மழைக்காலத்தில் காய்ச்சல் ஒரு வாரம். குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனா மூணு நாள். செங்கல் சூளைக்குப் போற குடும்பமா இருந்தா மாசக் கணக்கில். மொத்த வகுப்புக்கும் ஒரே பாடம் ஓடுற இடத்தில் இந்தப் பிள்ளை திரும்பி வரும்போது ரயில் போயிருக்கும். விட்ட பாடத்தின் மேலதான் அடுத்த பாடம் நிக்குது. ஒரு வாரம் விட்டது அப்படியே ஒரு வருஷம் விட்டதா ஆயிடும். ஏணியில் அப்படி இல்லை. போன பிள்ளை பத்து நாள் கழிச்சு வந்தாலும் அதுக்குன்னு அடுத்த அட்டை காத்துட்டு இருக்கும். யாரும் அதைப் பார்த்து 'நீ லேட்டு'ன்னு சொல்லத் தேவையில்லை.

அப்புறம் ஏன் அது நீர்த்துப் போச்சு? அட்டை கிழிஞ்சது, தொலைஞ்சது, புதுசு வரத் தாமதமாச்சு. நாற்பது பிள்ளை இருக்கிற அறையில் ஒரே ஆசிரியர் எல்லாக் குழுவுக்கும் ஓட முடியலை. 'பாட்டுன்னா எல்லாரும் சேர்ந்து பாடணும், கதைன்னா எல்லாரும் சேர்ந்து கேட்கணும், எல்லாத்தையும் அட்டையா வெட்டிட்டீங்களே'ன்னு ஆசிரியர்களே சொன்னாங்க. அதுலயும் நியாயம் இருந்தது. ஆனா எல்லாத்துக்கும் மேலே, பார்வையிட வர்ற அதிகாரி ஏணியில் டிக் போட்டிருக்கான்னு பார்க்க ஆரம்பிச்சார். டிக் இருந்தா சரி. பிள்ளைக்கு அந்த அட்டை புரிஞ்சுதான்னு பார்க்க நேரம் இல்லை. 2012-13ல் முப்பருவப் புத்தகங்கள் வந்தப்ப இதையும் எளிமையாக்கி எழுதினாங்க. கொஞ்சம் கொஞ்சமா அறைக்குள்ளே பழைய பெஞ்சுகள் திரும்ப வந்தது.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் மூடின தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. பத்தொன்பது மாசம். உங்க வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பத்தொன்பது மாசம் ஆன்லைன் வகுப்பு. இங்கே ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோட வேலைக்குப் போயிடும். ஒண்ணாம் வகுப்பில் பாதியில் விட்டுப் போன பிள்ளை மூணாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அப்ப இல்லம் தேடிக் கல்வின்னு தெருவில் படிச்ச பொண்ணுங்களைத் தன்னார்வலரா வெச்சு சாயங்காலம் சொல்லிக் கொடுத்தாங்க. மாசம் ஆயிரம் ரூபாய். எங்க தெருவில் பி.காம். முடிச்ச பொண்ணு ஒண்ணு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துத் திண்ணையில் இருபது பிள்ளையை வெச்சு மாரடிச்சது. அந்தப் பொண்ணுக்கு இந்த ஊரே கடமைப்பட்டிருக்கு.

2022 ஜூன் 13ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஒன்றியப் பள்ளியில் முதலமைச்சர் ஆரம்பிச்சு வெச்சது எண்ணும் எழுத்தும் திட்டம். 2025க்குள் எட்டு வயசுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைக்கும் எழுதப் படிக்க, அடிப்படைக் கணக்குப் போடத் தெரியணும்கிறது இலக்கு. முதல்ல ஒண்ணு முதல் மூணு வரை, அடுத்த வருஷம் நாலு, அஞ்சுக்கும் வந்தது. இதில் பிள்ளைகளை மூணு நிலையாப் பிரிக்கிறாங்க: அரும்பு, மொட்டு, மலர். அரும்புன்னா ஒண்ணாம் வகுப்பு அளவு, மொட்டுன்னா ரெண்டாவது, மலர்னா மூணாவது. மூணாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அரும்பா இருக்கலாம். அதை அரசாங்கமே ஒத்துக்கிட்டதுதான் எனக்கு இந்தத் திட்டத்தில் பிடிச்ச முதல் விஷயம். அதுவரைக்கும் மூணாம் வகுப்பில் இருந்தா மூணாம் வகுப்பு தெரியும்னுதான் எல்லாரும் நடிச்சுட்டு இருந்தோம்.

எங்க பள்ளி டீச்சர் இதை எப்படிச் செய்றாங்கன்னு ஒரு உதாரணம் சொல்றேன். கேளம்பாக்கம் ரோடு நெடுக அடுக்குமாடி எழும்புது, உங்களுக்கே தெரியும். அதைக் கட்ட வந்த குடும்பங்களின் பிள்ளைங்க எங்க பள்ளிக்கு வருது. பீகார், ஒடிசா, ஜார்கண்ட். ரெண்டு வருஷம் முன்னால ஒரு பையன் வந்தான். வயசு எட்டு. கல்வி உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவுப்படி வயசுக்கேத்த வகுப்பில்தான் சேர்க்கணும், அதனால மூணாம் வகுப்பு. தமிழ் ஒரு எழுத்து தெரியாது, பேச்சும் வராது. பழைய முறையா இருந்தா அவன் ஒரு வருஷம் ஜன்னலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்து, சைட் முடிஞ்சதும் அப்பா அம்மாவோட போயிருப்பான்.

டீச்சர் முதல் வாரம் அவனுக்குப் புத்தகமே கொடுக்கலை. புளியங்கொட்டை, குச்சி, சில்லறைக் காசு. எண்ணச் சொன்னாங்க. இந்தியில் எண்ணினான். பத்துப் பத்தா கட்டு கட்டச் சொன்னாங்க, கட்டினான். கழிக்கச் சொன்னாங்க, சட்டுனு செஞ்சான். அப்பன் கடையில் சாமான் வாங்க இவனைத்தான் அனுப்புவாராம், அதில் வந்த கணக்கு. ஆக கணக்கில் அவனை மலர் குழுவில் உட்கார வெச்சாங்க, தமிழில் அரும்பு. தமிழ் நேரத்தில் எழுத்து தெரியாத நாலு பேரோட அவனும் அட்டை தேடினான். கணக்கு நேரத்தில், தமிழ் நல்லா வாசிக்கிற ஒரு பொண்ணு கேள்வியை வாசிச்சுச் சொல்லும், இவன் செஞ்சு காட்டுவான். அந்தப் பொண்ணுக்குக் கழித்தல் வந்தது, இவனுக்குத் தமிழ் வந்தது. ஆறே மாசத்தில் எங்க ஊர்ப் பசங்க பேசுற அத்தனை கெட்ட வார்த்தையும் உட்பட.

இதுக்கு அந்த டீச்சருக்கு என்ன தேவைப்பட்டது? புளியங்கொட்டைக்குக் காசு கிடையாது. மரம் பள்ளிக்கூட வாசல்லயே நிக்குது. தேவைப்பட்டது ஒரு வாரம். அந்தப் பையனை மட்டும் பார்க்க, எங்கே இருக்கான்னு கண்டுபிடிக்க. அப்புறம் புத்தகத்தை மூடி வெச்சுட்டு வேற ஒண்ணைச் செய்ய ஒரு சுதந்திரம். என் ஆதங்கமே இங்கேதான். திட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏத்த மாதிரி சொல்லிக்கொடுன்னு சொல்லுது. அதே திட்டம் ஆசிரியர் கையேட்டில் இன்ன வாரம் இன்ன செயல்பாடுன்னு எல்லா ஊருக்கும் ஒண்ணா எழுதிக் கொடுக்குது. மதிப்பீட்டைச் செயலியில் ஏத்தணும். வருகைப் பதிவு செயலியில். காலை உணவு, இலவசச் செருப்பு, புத்தகப்பை, உடல்நலக் கணக்கு, எல்லாம் எமிஸ் தளத்தில். எங்க ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் வேப்ப மரத்தடி. காலையில் பத்து மணிக்கு அந்த மரத்தடியில் டீச்சர் போனைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கிறதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கேன். எமிஸ் வேலையைக் குறையுங்கன்னு ஆசிரியர் சங்கங்கள் பல வருஷமாக் கேட்டுட்டு இருக்கு. சோம்பேறித்தனத்தில் கேட்கிறாங்கன்னு நினைக்காதீங்க.

விவசாயிகளுக்கு இலை வண்ண அட்டைன்னு ஒண்ணு உண்டு. சின்ன பிளாஸ்டிக் பட்டை, வெளிர்பச்சையில் இருந்து கரும்பச்சை வரைக்கும் நிறங்கள். நெல்லு இலையை அதுமேல வெச்சுப் பார்த்து, வெளிறி இருந்தா யூரியா போடலாம், கரும்பச்சையா இருந்தா இப்ப வேண்டாம். நாள் கணக்குப் பார்த்து இருபதாம் நாள், நாற்பதாம் நாள்னு போடுறதுக்குப் பதிலா பயிரைப் பார்த்துப் போடுறது. நல்ல சாமான், நான் பல வருஷமா வெச்சிருக்கேன், உரச் செலவு குறைஞ்சிருக்கு. இப்ப யோசிச்சுப் பாருங்க. வாரா வாரம் ஒவ்வொரு கழனியிலும் பத்து இலையைப் போட்டோ எடுத்து, நிறத்தைக் குறிச்சு, செயலியில் ஏத்தினாத்தான் விவசாயின்னு ஒத்துப்போம்னு ஒரு ஆணை வந்தா என்ன ஆகும்? இலையோட நிறம் துல்லியமாத் தெரியும். களை எடுக்க ஆள் இருக்காது.

மதிப்பீடே வேண்டாம்னு நான் சொல்லலை. இலையைப் பார்க்காமல் உரம் போடக் கூடாதுங்கிறது என் கட்சி. பார்த்தது யாருக்குப் பயன்படணும்கிறதுதான் கேள்வி. அந்தப் பையன் புளியங்கொட்டையைக் கழிச்ச அன்னைக்கே டீச்சர் அவனை இடம் மாத்தி உட்கார வெச்சாங்க. அது மதிப்பீடு. சென்னைக்குப் போய், கிராஃபா மாறி, ரெண்டு மாசம் கழிச்சு 'உங்கள் ஒன்றியம் பின்தங்கியுள்ளது'ன்னு கூட்டத்தில் திட்டா திரும்பி வர்றது வேற ஏதோ.

இது என் வாய்க்கு வந்த பேச்சு இல்லை. பிரதம் அமைப்பு வடநாட்டில் பல வருஷமா இந்த வேலையைச் செய்யுது: வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கிறது. 2019ல் பொருளாதார நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அவங்க கூட்டாளிகளும் அதைப் பல மாநிலங்களில் சோதிச்சுப் பார்த்தாங்க. பீகாரிலும் உத்தராகண்டிலும் அரசுப் பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சியும் சாமான்களும் கொடுத்து, மத்தபடி பள்ளி நாளை அப்படியே விட்டப்ப பெருசாப் பலன் இல்லை. பயிற்சி வாங்கின ஆசிரியரும் போர்ஷன் முடிக்கத்தான் ஓடினார். ஹரியானாவில் தினமும் இதுக்குன்னே ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் வகுப்பைக் கலைச்சு நிலைவாரியா உட்கார வெச்சு, கூடவே மேற்பார்வையும் இருந்தப்ப, அதே மாதிரி அரசு ஆசிரியர்களே செஞ்சாங்க, பிள்ளைங்க வாசிப்பு ஏறுச்சு. ஆசிரியர் மோசம்னு சொல்றவங்க இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனிக்கணும்.

ஆள் கணக்கையும் சொல்லிடறேன். கல்வி உரிமைச் சட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு அறுபது பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர். முப்பது பேருக்கு ஒருத்தர், கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வகுப்பு அஞ்சு. ரெண்டு பேர் அஞ்சு வகுப்பை எடுக்கணும்னா, ஒருத்தர் கூட்டத்துக்குப் போன நாளில் ஒருத்தர் அஞ்சையும் எடுக்கணும்னா, பிள்ளைகளைக் கலந்து உட்கார வைக்காமல் வழியே இல்லை. நிலைவாரியாச் சொல்லிக் கொடுக்கிறது இங்கே புதுமை இல்லை, பிழைப்பு. ரிஷிவேலிக்காரங்க ஓராசிரியர் பள்ளிக்காக ஏணியைக் கண்டுபிடிச்சதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

இனி கொஞ்சம் உங்க பக்கம் வர்றேன்.

காலையில் ஏழே காலுக்கு எங்க ஊருக்குள்ளே மூணு மஞ்சள் வேன் வருது. எங்க ஊர்ப் பிள்ளைங்களில் பாதிக்கு மேல அதில் ஏறிப் போயிடுது. கழனியை மனை போட்டு வித்த காசு, இல்லாட்டி வட்டிக்கு வாங்கின காசு ஃபீஸாப் போகுது. ஷூ, டை, இங்கிலீஷ். நல்லா இருக்கட்டும், நான் யாரையும் தடுக்கலை. ஆனா அந்த வேனில் போற பிள்ளைக்கு அங்கே யாராவது 'நீ எந்தப் படியில் இருக்கே'ன்னு கேட்கிறாங்களான்னு விசாரிச்சேன். இல்லை. நாற்பது பேருக்கு ஒரே பக்கம், ஒரே ஹோம்வொர்க், ஒரே தேதியில் டெஸ்ட். புரியலைன்னா? டியூஷன். டியூஷன் அக்கா என்ன பண்ணுது? பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வெச்சு, 'எது தெரியலை, காட்டு'ன்னு கேட்குது. ஃபீஸ் வாங்குற இடத்தில் கேட்காத கேள்வி அது. மரத்தடி சிக்னலில் நிக்கிற எங்க டீச்சர் காசு வாங்காம கேட்கிற கேள்வியும் அதுதான்.

வேன் நிறைய நிறைய எங்க பள்ளிக்கூடம் காலியாகுது. பிள்ளை குறைஞ்சா ஆசிரியர் குறையும். ஆசிரியர் குறைஞ்சா குழு பார்த்துச் சொல்லிக் கொடுக்க முடியாது. முடியலைன்னா 'அங்கே பாடமே நடக்கலை'ன்னு இன்னும் நாலு பிள்ளை வேன் ஏறும். இந்தச் சுத்து எங்கே போய் நிக்கும்னு வண்டலூரைச் சுத்தி இருக்கிற எந்த ஊர்க்காரனைக் கேட்டாலும் சொல்லுவான். கடைசியா அங்கே மிஞ்சப்போறது சைட் வேலைக்கு வந்தவங்க பிள்ளையும், வேன் ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும்தான். தனியாக் கவனிக்கப்பட வேண்டிய பிள்ளைங்க எல்லாம் ஒரே இடத்தில், கவனிக்க ஆள் இல்லாமல்.

ஒரு குறையையும் மறைக்காமச் சொல்லணும். அரும்பு, மொட்டு, மலர்னு அழகாப் பேர் வெச்சாலும் பிள்ளைங்க விவரமானதுங்க. யார் எங்கே உட்காருதுன்னு அதுங்களுக்குத் தெரியும். "போடா அரும்பு"ன்னு திட்டிக்கிறதை என் காதாலேயே கேட்டேன். ஒரு பிள்ளை ஒரே குழுவில் வருஷம் பூரா உட்கார்ந்திருந்தா அது பாடம் இல்லை, முத்திரை. எங்க டீச்சர் இதுக்கு ஒண்ணு செய்றாங்க: பாடத்துக்குப் பாடம் குழு மாறும், பாட்டுக்கும் கதைக்கும் எல்லாரும் கலந்து வட்டமா உட்காரும், படம் வரையறதுக்குத் தமிழ் திக்குற பையன்தான் தலைவர். அவன் வரையற மாடு அசல் மாடு மாதிரியே இருக்கும், கொம்பு கூட எங்க வீட்டு மாட்டுக் கொம்பு. நாலு வாரத்துக்கு மேலயும் ஒரு பிள்ளை அதே இடத்தில் நின்னா, காது கண்ணு சரியா இருக்கான்னு பார்க்கச் சொல்லி ஒன்றியத்தில் இருந்து வர்ற சிறப்பாசிரியர்கிட்ட காட்டுவாங்க. போன வருஷம் ஒரு பொண்ணுக்குக் கண்ணாடி போட்டதும் 'ல'வும் 'வ'வும் ஒரே வாரத்தில் பிரிஞ்சது. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இன்ன தேதிக்குச் செய்னு எழுதி வர முடியாது.

பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு சட்டப்படி எல்லா அரசுப் பள்ளியிலும் இருக்கு. முக்கால்வாசி பேர் பெற்றோர், பாதி பேர் பெண்கள். எங்க பேரன் அந்தப் பள்ளியில் படிக்கிறதால என் மருமக அதில் உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் ரெண்டு விஷயம் தீர்மானமாப் போடச் சொல்லியிருக்கேன். காலையில் முதல் ரெண்டு மணி நேரம் டீச்சர் கையில் போன் இருக்கக் கூடாது, எந்த அலுவலகத்தில் இருந்து என்ன விவரம் கேட்டாலும் மத்தியானத்துக்கு அப்புறம்தான். ரெண்டாவது, பதிவேத்துற வேலைக்கு ஊராட்சி செலவில் வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு ஆள். அந்த பி.காம். பொண்ணு இன்னும் வேலை கிடைக்காம வீட்டில்தான் இருக்கு.

"மாமா, தீர்மானம் போட்டா மேல ஒத்துப்பாங்களா?"ன்னு மருமக கேட்டுது. முதல்ல எழுதி கையெழுத்துப் போடுங்கம்மா, மேல அனுப்புறதை அப்புறம் பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன். நவரை நடவு முடிஞ்ச மறுவாரம் கூட்டம்.